4 மணியா, 6 மணியா? ரீலோட் ஆன சர்வருக்குள் உயிரோடு இருந்த பழைய கோட்

தைப்பூசத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. இரவு 7.30 தாண்டி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, தண்ணீர்ப் பந்தல் பொறுப்பாளர் அக்கா போன் செய்தார். "தம்பி, என்னை 4 மணிக்கு வரச் சொல்லி மெசேஜ் வந்திருக்கு. பக்கத்து வீட்டு ஆண்ட்டிய 6 மணிக்கு வரச் சொல்லியிருக்கு. ரெண்டும் உங்க சிஸ்டத்துல இருந்துதான். எது சரி?" நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் குழுவில் இன்னொருவர் தன் போன் திரையைப் படம் பிடித்து அனுப்பிவிட்டார். அவருக்கு இரண்டு செய்தியும் வந்திருந்தன, ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே நிமிடத்தில்.

நேரம் 6-லிருந்து 4-க்கு மாறியது உண்மைதான். அன்று மாலை 5 மணிவாக்கில் அக்காவே கூப்பிட்டுச் சொன்னார். என்னோடு சேர்ந்து இதை எழுதும் கல்லூரித் தம்பி கோடில் மாற்றி சேவ் செய்தான். சர்வர் ரீலோட் ஆனதை நாங்கள் இருவரும் திரையில் பார்த்தோம். இரண்டரை மணி நேரம் கழித்து அந்தப் பழைய 6 எங்கிருந்து வந்தது? விடை கிடைக்க ஒன்றரை நாள் ஆனது. அந்த ஒன்றரை நாளை வரிசை குலையாமல் இங்கே எழுதுகிறேன். ஜாங்கோவில் (பைதான் மொழியில் வலைச் செயலி எழுத உதவும் கட்டமைப்பு) வேலை செய்கிறவர்கள் கையில் இருக்கும் கோடிலும் இதே அமைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். ஒருநாள் அது உங்கள் கண்ணிலும் படலாம்.

பினாங்கை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தைப்பூசத்துக்கு முதல் நாள் காலையில் நகரத்தாரின் வெள்ளி இரதம் ஜார்ஜ்டவுன் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்படும். வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள், இரதம் நின்று நின்றுதான் போகும். ஜாலான் உத்தாமா, ஜாலான் கெபுன் புங்கா பக்கமெல்லாம் தண்ணீர்ப் பந்தல்கள் வரிசையாக முளைத்துவிடும். மோர், சிராப், கடலை, சாதம் என்று வருகிறவர்கள் எல்லாருக்கும் கொடுப்பார்கள். ஒரு பந்தலை இரவு பகலாக நடத்த எத்தனை கை வேண்டும் என்பது அதில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். காய் நறுக்க, மோர் கரைக்க, கப் அடுக்க, குப்பை அள்ள எனத் தனித்தனி ஷிஃப்ட். இரண்டு மணி நேரம் தள்ளி ஒருவர் வந்தால் நறுக்காத காய் அடுப்படியில் கிடக்கும். அக்கா குரலில் இருந்த பதற்றம் அதனால்தான்.

நாங்கள் செய்து கொடுத்தது ஒரு சின்ன வலைச் செயலி. தொண்டர்கள் பெயரைப் பதிந்து ஷிஃப்ட் எடுப்பார்கள். முதல் நாள் இரவு 7.30-க்கு நினைவூட்டல் வாட்ஸ்அப்பில் போகும். சர்வர் இன்னும் வாடகைக்கு எடுக்கவில்லை. குழுவிலேயே 14 பேர் தங்கள் எண்ணைக் கொடுத்து ஒத்திகைக்கு முன்வந்தார்கள். ஆயர் ஈத்தாமில் என் அறை மேசையில் இருந்த உபுண்டு மடிக்கணினிதான் அந்த வாரம் சர்வர். மேனேஜ்.பை ரன்சர்வர் என்று அடித்து, எழுதும்போது சோதித்துப் பார்க்க ஜாங்கோ தரும் சர்வரை ஓட விட்டுவிடுவோம். ரன்சர்வரை உண்மையான பயன்பாட்டுக்கு வைக்காதீர்கள் என்று ஜாங்கோவின் கையேடு பெரிய எழுத்தில் எச்சரிக்கிறது. நான் அதைப் படித்தவன்தான். 14 பேர்தானே, எல்லாரும் நம் ஆட்கள்தானே என்று எடுத்துக்கொண்டேன். அந்த முடிவு என்னுடையது, தம்பிக்கு அதில் பங்கு இல்லை.

ஏழரை மணி வேலையை எழுதிய விதமும் சாதாரணமானதுதான். ஜாங்கோவில் ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு ஆப்கான்ஃபிக் வகுப்பு உண்டு, அதில் ரெடி என்று ஒரு மெத்தட். எல்லாம் ஏற்றி முடித்ததும் ஜாங்கோ அதைக் கூப்பிடும். அங்கே ஒரு டீமன் த்ரெட்டை, அதாவது அதே நிரலுக்குள் பின்னணியில் தனியாக ஓடும் ஒரு வேலையை, தொடங்கி வைத்தோம். அது அரை நிமிடத்துக்கு ஒருமுறை மணி பார்க்கும். 7.30 ஆனதும் பட்டியலை எடுத்து ஒவ்வொருவராக அனுப்பும். ஒருவருக்கே இரண்டு தடவை போகக்கூடாது என்பதற்காக, அனுப்புமுன் அவர் பெயரில் "அனுப்பியாச்சு" என்று டேட்டாபேஸில் குறிக்கும். குறி இருந்தால் அடுத்தவருக்குப் போகும். செய்தியின் வாசகம் இன்னொரு பைதான் ஃபைலில் நேரடியாக எழுதப்பட்டிருந்தது.

முதல் சந்தேகங்கள்

போனை வைத்ததும் எங்கள் முதல் சந்தேகம் வெளியே போனது. வாட்ஸ்அப் செய்திகளை ஒரு கேட்வே நிறுவனம் வழியாக அனுப்புகிறோம். அவர்கள் பக்கம் ஏதோ பழைய செய்தி தங்கியிருக்கும் என்று நினைத்து டிக்கெட் போட்டோம். மறுநாள் காலையிலேயே பதில் வந்தது: உங்கள் பக்கமிருந்தே இரண்டு வேறு வாசகங்கள் வந்துள்ளன, நேரத்தோடு பட்டியல் இணைத்திருக்கிறோம். அந்தப் பட்டியல் பிறகு எங்களுக்குப் பெரிய உதவி செய்தது.

அடுத்தது பிஒய்சி. பைதான் ஒரு ஃபைலை முதன்முறை இம்போர்ட் செய்யும்போது அதை பைட்கோடாக மாற்றி, ஒரு பிஒய்சி ஃபைலாக பைகேஷ் அடைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை மூல ஃபைலின் கடைசித் திருத்த நேரத்தையும் அளவையும் அந்த பிஒய்சியின் தலைப்பில் உள்ளவற்றோடு ஒப்பிடும். இரண்டும் பொருந்தினால் மூலத்தைப் படிக்காது. தம்பி இதைச் சொன்னபோது எனக்கே ஒரு கணம் அதுதான் என்று தோன்றியது. அவன் மாற்றியது ஒரே ஒரு எழுத்து, 6 போய் 4. ஃபைலின் அளவு ஒரு பைட்கூட மாறாது! ஆனால் திருத்த நேரம் மாறியிருக்கிறது. தலைப்பில் நேரம் விநாடிக் கணக்கில்தான் இருக்கும். ஆகவே ஒரே விநாடிக்குள் இரண்டு முறை சேவ் செய்து, அளவும் மாறாமல் இருந்தால்தான் பைதான் ஏமாறும். காலையில் எழுதியதை மாலையில் திருத்தினால் அது நடக்காது. ஆனாலும் பைகேஷை அழித்துவிட்டுப் பார்த்தோம். ஒன்றும் மாறவில்லை.

மூன்றாவது, ரீலோடர் (கோட் மாறினால் சர்வரைத் தானாகப் புதுப்பிக்கும் பகுதி) மாற்றத்தைக் கவனிக்காமல் விட்டிருக்குமோ என்பது. இதில்தான் அதிக நேரம் செலவழித்தோம், அதிகம் கற்றுக்கொண்டதும் இதில்தான். ஜாங்கோ தானாக வைத்துக்கொள்ளும் முறைக்கு ஸ்டாட்ரீலோடர் என்று பெயர். ஏற்றிய எல்லா மாட்யூல்களின் ஃபைல்களையும் விநாடிக்கு ஒருமுறை சுற்றி வந்து, ஒவ்வொன்றின் திருத்த நேரமும் முன்பு பார்த்ததைவிடக் கூடியிருக்கிறதா என்று பார்க்கும். கூடியிருந்தால் ரீலோட். "கூடியிருந்தால்" என்பதைக் கவனியுங்கள். பேக்கப்பிலிருந்து ஒரு பழைய ஃபைலை அதன் பழைய நேரத்தோடே நகலெடுத்து வைத்தால் நேரம் குறையும், அதை இது மாற்றமாக எடுத்துக்கொள்ளாது. நேரத்தைத் தக்கவைக்கும் காப்பி கட்டளைகளைப் பயன்படுத்துகிறவர்கள் இதில் ஒருநாள் மாட்டுவார்கள்.

சுற்றிச் சுற்றிப் பார்ப்பது வீண் வேலை, லினக்ஸ் கெர்னலிடமே சொல்லி வைத்தால் ஃபைல் மாறும்போது அதுவே தட்டிச் சொல்லுமே என்று கேட்கலாம். உண்மைதான். அந்த வசதியான ஐநோட்டிஃபை 2005-இல் 2.6.13 கெர்னலிலேயே வந்துவிட்டது. ஆனால் விண்டோஸ் மடிக்கணினியில், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 வைத்துக்கொண்டு, கோடை விண்டோஸ் டிரைவிலேயே வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தட்டு வந்து சேராது. தம்பியின் சொந்த மடிக்கணினி அப்படித்தான். அதில் ஜாங்கோ ரீலோட் ஆகும், முகப்புப் பக்கத்தைக் கட்டும் நோட்.ஜேஎஸ் கருவி மட்டும் அசையாமல் கிடக்கும். ஒன்று தானே போய்ப் பார்க்கிறது, மற்றது யாராவது வந்து சொல்லட்டும் என்று காத்திருக்கிறது. அவன் அந்த வித்தியாசம் தெரியாமல் மாதக்கணக்கில் கையால் நிறுத்தித் தொடங்கிக்கொண்டிருந்தான் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ப்ராஜெக்ட்டை லினக்ஸ் பக்கத்து ஹோம் அடைவுக்கு மாற்றிக் கொடுத்தேன், சரியானது.

ஆனால் எங்கள் வழக்குக்கு இது எதுவும் பொருந்தவில்லை. டெர்மினலைப் பின்னோக்கி உருட்டினால் 5.06-க்கு ஃபைல் மாறியது, ரீலோட் ஆகிறது என்ற வரி தெளிவாக இருந்தது. செய்தியை முன்கூட்டியே காட்டும் பக்கத்தைத் திறந்தால் 4 மணி என்றுதான் காட்டியது. வலைப்பக்கம் புதியதைக் காட்டுகிறது, வாட்ஸ்அப்பில் பழையதும் போகிறது. ஒரே ஃபைல், ஒரே வரி!

பந்தியில் இரண்டு பேர்

மறுநாள் வேலை முடிந்து பாயான் லெப்பாஸிலிருந்து திரும்பும் வழியில் தம்பியைக் கூட்டிக்கொண்டு தே தாரிக் குடிக்க உட்கார்ந்தேன். கேட்வேக்காரர்கள் அனுப்பிய பட்டியலைக் காகிதத்தில் எடுத்து வந்திருந்தேன். 14 பேருக்கு 15 செய்திகள். எங்கள் டேட்டாபேஸ் வரிசைப்படி பெயர்களை எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 4 அல்லது 6 என்று குறித்தோம். முதல் பெயருக்கு இரண்டும். அதற்குப் பிறகு 4, 6, 4, 6, 4, 6, 6, 4, 6... பெரும்பாலும் மாறி மாறி.

தம்பிதான் முதலில் சொன்னான்: "அண்ணே, இது பந்தி மாதிரி இருக்கு. ரெண்டு பேரு ஒரே வரிசையில பரிமாறிட்டுப் போறாங்க."

அதேதான். ஒரே பந்தியில் இரண்டு பேர் ஆளுக்கொரு வாளியோடு இறங்கினால், ஒருவர் இந்த இலைக்கு ஊற்றும்போது மற்றவர் அடுத்த இலைக்குப் போவார். முதல் இலையில் மட்டும் இருவரும் ஒன்றாகக் குனிந்துவிட்டார்கள், அதனால் அவருக்கு இரண்டு கரண்டி. எங்கள் "அனுப்பியாச்சு" குறி செய்தது இதைத்தான். குறி இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வேலை, குறி போடுவது இன்னொரு வேலை. இரண்டுக்கும் நடுவில் உள்ள மிகச் சின்ன இடைவெளியில், 7.30-க்கு ஒன்றாக விழித்த இருவரும் முதல் ஆளைக் குறியில்லாமல் பார்த்துவிட்டார்கள். பிறகு ஒருவர் அனுப்பி முடிப்பதற்குள் மற்றவர் அடுத்தவரைக் குறித்துக்கொண்டு முன்னேறினார். ஒரு வாளியில் புதுக் குழம்பு, ஒரு வாளியில் பழைய குழம்பு. ஆகவே கேள்வி மாறியது. பழைய கோட் ஏன் ரீலோட் ஆகவில்லை என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்தோம். கேட்க வேண்டியது, இரண்டாவது ஆள் யார் என்பது.

வீட்டுக்கு வந்து ரன்சர்வரை மறுபடி தொடங்கி, வாசக ஃபைலைத் தொட்டுத் தொட்டு மூன்று முறை சேவ் செய்துவிட்டு, இன்னொரு டெர்மினலில் பிஎஸ் கட்டளையில் ஒவ்வொரு ப்ராசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலின்) எண், அதைத் தொடங்கிய தாய் ப்ராசஸின் எண், தொடங்கிய நேரம் மூன்றையும் கேட்டோம். மேனேஜ்.பை ரன்சர்வர் என்ற பெயரில் இரண்டு வரி வந்தது. முதல் ப்ராசஸ் தொடங்கிய நேரம் 8.12. இரண்டாவது தொடங்கியது 8.31, அதாவது எங்கள் கடைசி சேவ். இரண்டாவதின் தாய் எண் முதலாவதின் எண்தான். மறுபடி சேவ் செய்து மறுபடி பார்த்தோம். இரண்டாவது வரியில் எண்ணும் நேரமும் மாறின. முதல் வரியில் 8.12 அசையவே இல்லை.

ஓடும் ப்ராசஸ்களின் விவரத்தை லினக்ஸ் காட்டும் பிராக் அடைவில் இரண்டின் சூழல் மாறிகளையும் (தொடங்கும்போது ப்ராசஸுக்குக் கொடுக்கப்படும் பெயர்களும் மதிப்புகளும்) திறந்து பார்த்தோம். சேய் ப்ராசஸில் மட்டும் ரன்_மெயின் என்ற மாறி இருந்தது, மதிப்பு ட்ரூ. தாயில் அது இல்லை.

ரீலோட் என்று நாம் சொல்வது உண்மையில் என்ன

ரீலோட் என்ற சொல் ஒரு தவறான படத்தை மனதில் வரைந்துவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குள் பழைய துண்டை உருவிவிட்டுப் புதிய துண்டைச் செருகுவதுபோல. நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஜாங்கோ அப்படிச் செய்வதில்லை. நாம் ரன்சர்வர் என்று அடிக்கும்போது தொடங்கும் ப்ராசஸ் ஒரு காவல்காரர். அது தன்னைப்போலவே இன்னொரு ப்ராசஸைத் தொடங்கி, ரன்_மெயின் மாறியைக் கொடுத்து, அது முடியும்வரை காத்திருக்கும். வலைக் கோரிக்கைகளுக்குப் பதில் சொல்வது, ஃபைல்களைக் கவனிப்பது எல்லாம் சேயின் வேலை. ஃபைல் மாறியதைக் கண்டதும் சேய் 3 என்ற வெளியேறும் எண்ணோடு தன்னை முடித்துக்கொள்ளும். தாய் அந்த 3-ஐப் பார்த்தால் புதிதாக ஒரு சேயைத் தொடங்கும். வேறு எண் வந்தால் தானும் முடிந்துவிடும். அவ்வளவுதான் ரீலோட். ஃபிளாஸ்க் என்ற இன்னொரு பைதான் கட்டமைப்புக்குக் கீழே இருக்கும் வெர்க்சூகும் இதே வழியில்தான் போகிறது. அதே 3, மாறியின் பெயர் மட்டும் வேறு.

ஏன் இப்படிக் கொன்று பிழைக்க வைக்க வேண்டும்? பைதானில் இம்போர்ட்லிப் ரீலோட் என்று ஒன்று இருக்கிறதே என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. அது மாட்யூலின் கோடை மறுபடி ஓட்டும், உண்மை. ஆனால் வேறொரு ஃபைல் அந்த மாட்யூலிலிருந்து ஒரு ஃபங்ஷனைப் பெயர் சொல்லி இம்போர்ட் செய்து வைத்திருந்தால் அதன் கையில் இருப்பது பழையதுதான். ஏற்கெனவே உருவான ஆப்ஜெக்ட்கள் பழைய வகுப்பையே தங்கள் வகுப்பாக வைத்திருக்கும். பாதி புதிது, பாதி பழையது என்று ஒரு நிரல் ஓடினால் எந்தப் பிழை எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எரிக்சன் நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பகங்களுக்காகப் பிறந்த எர்லாங் மொழி, ஒரு மாட்யூலின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்பதை மொழியின் விதியாகவே வைத்திருக்கிறது. அதைத் தாங்கும்படி முதலிலிருந்தே கட்டிய மொழி அது. பைதான் அப்படிக் கட்டப்படவில்லை. முழுதாக முடித்து முழுதாகத் தொடங்குவதுதான் நேர்மையான வழி, ஜாங்கோ எடுத்த முடிவு சரி என்றே நினைக்கிறேன்.

பிஎச்பியிலிருந்து வந்தவர்களுக்கு இந்தக் கதையே விசித்திரமாகத் தோன்றும். அங்கே ஒவ்வொரு கோரிக்கைக்கும் நிரல் புதிதாகத் தொடங்கி முடிகிறது. மாற்றி வைத்த கோடை நினைவில் வைத்துக்கொள்ளும் ஆப்கேஷ் நடுவில் இருந்தாலும், தானாக அமைந்த நிலையில் இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஃபைல் மாறியதா என்று பார்த்துக்கொள்ளும். நினைவில் எதுவும் தங்காத இடத்தில் பழையது ஒளிய இடமில்லை.

இப்போது எங்கள் த்ரெட்டுக்கு வருவோம். தாய் ப்ராசஸ் வெறும் காவல்காரர் என்றேன். ஆனால் சேயைத் தொடங்குமுன் அதுவும் ஜாங்கோவை ஒருமுறை முழுதாக அமைத்துவிடுகிறது. கட்டளை வரிக்கு வரும் எந்தக் கட்டளைக்கும் செட்டிங்கும் ஆப்களும் வேண்டுமே. அந்த அமைப்பின்போது எல்லா ஆப்களின் ரெடியும் ஓடும். எங்கள் ரெடி ஓடியது, த்ரெட் தொடங்கியது, வாசக ஃபைல் இம்போர்ட் ஆனது. பிறகு தாய் சேயைப் பெற்றுவிட்டுக் காத்திருக்கப் போனது. காத்திருப்பது மெயின் த்ரெட் மட்டும். பக்கத்தில் எங்கள் டீமன் த்ரெட் அரை நிமிடத்துக்கு ஒருமுறை மணி பார்த்துக்கொண்டே இருந்தது, காலையில் ஏற்றிய வாசகத்தோடு. சேய் எத்தனை முறை செத்துப் பிறந்தாலும் தாய்க்கு எந்தப் புதிய கோடும் போய்ச் சேராது. அந்த 6 மணி அங்கேதான் உயிரோடிருந்தது.

இதை ஊகமாக விட மனமில்லை. செய்தி அனுப்பும் இடத்தில் கேட்வேக்குப் பதில் திரையில் அச்சிடும்படி மாற்றி, ஒவ்வொரு வரியோடும் ப்ராசஸ் எண்ணைச் சேர்த்தோம். ஏழரையை அடுத்த நிமிடத்துக்குத் தள்ளி வைத்தோம். இரண்டு எண்கள் மாறி மாறி வந்தன. சேயின் எண்ணில் 4, தாயின் எண்ணில் 6. பிறகு ரீலோடரே வேண்டாம் என்று சொல்லும் நோரீலோட் கொடுத்துத் தொடங்கினோம். ஒரே எண், 14 வரி, எல்லாம் 4.

அதே வேரில் இன்னொன்று

தேடும்போதே பழைய புகார் ஒன்றுக்கும் விடை கிடைத்தது. சுமார் இரண்டு வாரமாக அமைப்பு மதிப்புகளை வைக்கும் டாட்-என்வ் ஃபைலில் கேட்வே டோக்கனை (கேட்வேக்கு நம்மை அடையாளம் காட்டும் ரகசியச் சாவி) மாற்றினால் பழைய டோக்கனே போகிறது என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தான். அந்த ஃபைல் பைதான் மாட்யூல் அல்ல, ஆகவே ஸ்டாட்ரீலோடர் அதைக் கவனிக்காது. அதனால் அதை மாற்றியபின் ஏதாவது பைதான் ஃபைலையும் சேவ் செய், ரீலோட் ஆகும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அது தவறான அறிவுரை. தாய் அமைக்கும்போது செட்டிங்கில் உள்ள, டாட்-என்வ் ஃபைலைப் படிக்கும் லோட்_டாட்என்வ் ஓடி, டோக்கனைச் சூழல் மாறியாக வைத்துவிடுகிறது. சேய் பிறக்கும்போது தாயின் சூழல் மாறிகளை அப்படியே சொத்தாகப் பெறுகிறது. சேயிலும் லோட்_டாட்என்வ் ஓடும், ஆனால் ஏற்கெனவே மதிப்புள்ள மாறியை அது மாற்றாது, மாற்றச் சொல்லித் தனியாகக் கேட்டால்தான் மாற்றும். ஆக எத்தனை ரீலோட் ஆனாலும் தாய் காலையில் படித்த டோக்கன்தான். அப்படித் தனியாகக் கேட்காதவரை, கண்ட்ரோல்-சி அடித்துத் தாயை முடித்துவிட்டு மறுபடி தொடங்குவது ஒன்றே வழி. தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

திருத்தம்

இணையத்தில் தேடினால் உடனே கிடைக்கும் வைத்தியம், ரெடிக்குள் ரன்_மெயின் இருக்கிறதா என்று பார்த்து இருந்தால் மட்டும் த்ரெட்டைத் தொடங்குவது. இரண்டு வரி. அன்று இரவே அதைச் செய்தோம், இரட்டைச் செய்தி நின்றது. ஆனால் அதோடு விட நான் சம்மதிக்கவில்லை. உண்மையான சர்வரில், ரன்சர்வருக்குப் பதிலாக ஜியூனிகார்ன் என்ற சர்வர் நிரலை வைத்து ஓட்டுவோம். அங்கே ரன்_மெயின் என்ற மாறியே கிடையாது, ஆகவே த்ரெட் தொடங்கவே தொடங்காது, ஒருவருக்கும் செய்தி போகாது. அந்தச் சோதனையை எடுத்துவிட்டால் மறுபக்கம் விழுவோம். ஜியூனிகார்னில் ஒவ்வொரு வொர்க்கரும் தனி ப்ராசஸ், ஒவ்வொன்றும் ரெடியை ஓட்டும். மூன்று வொர்க்கர் வைத்து மடிக்கணினியிலேயே ஓட்டிப் பார்த்தோம், திரையில் மூன்று ப்ராசஸ் எண்கள் வந்து நின்றன. மூன்று பேர் பரிமாறும் பந்தி! அந்த இரவு ஒத்திகையில் இந்தக் கோளாறு வெளியே தெரியாமல் இருந்திருந்தால், இரதம் புறப்படும் அன்று மொத்தத் தொண்டர்களுக்கும் நடந்திருக்கும்.

த்ரெட்டையே எடுத்துவிட்டோம். நினைவூட்டல் அனுப்புவது இப்போது ஒரு தனி மேனேஜ்மெண்ட் கட்டளை. லினக்ஸில் குறித்த நேரத்துக்கு வேலைகளைத் தொடங்கும் சிஸ்டம்-டி டைமர் அதை 7.30-க்கு ஒருமுறை எழுப்பும். அது புதிய ப்ராசஸாகப் பிறந்து, அப்போதைய கோடைப் படித்து, வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். வலை சர்வர் எத்தனை வொர்க்கரோடு ஓடினாலும், எத்தனை முறை ரீலோட் ஆனாலும் இதற்குச் சம்பந்தமில்லை. வாசகத்தையும் நேரத்தையும் டேட்டாபேஸுக்கு மாற்றினோம். அக்காவே தன் போனிலிருந்து மாற்றிக்கொள்கிறார். ஒரு ஷிஃப்ட் நேரத்தை மாற்ற யாரோ ஒருவர் கோடைத் திறக்க வேண்டியிருந்தது என்பதே முதலில் தவறு.

குறி போடும் இடத்தைத்தான் நான் மிகக் கவனமாக மாற்றினேன், ஏனென்றால் யாராவது கையால் அந்தக் கட்டளையை இரண்டு முறை ஓட்டிவிடலாம். பார்ப்பதும் போடுவதும் இப்போது ஒரே செயல்: குறியில்லாத இந்த ஆளுக்குக் குறி போடு என்று ஒரே அப்டேட். எத்தனை வரி மாறியது என்று ஜாங்கோ எண்ணைத் திருப்பிக் கொடுக்கும். 1 என்றால் அவர் நம் இலை, அனுப்பலாம். 0 என்றால் வேறொருவர் எடுத்துவிட்டார், நகரலாம். நடுவில் இடைவெளியே இல்லை.

இதில் ஒரு ஓட்டை மிஞ்சியது, தம்பி கண்டுபிடித்தது. குறி போட்டபின், செய்தி போகுமுன் ப்ராசஸ் செத்தால்? அவருக்குச் செய்தி போகாது, போனதாகக் குறி மட்டும் இருக்கும். பழைய அமைப்பில் இது இன்னும் மோசம். 7.30-க்கு நடுவில் யாராவது ஒரு ஃபைலை சேவ் செய்தால் சேய் உடனே 3 சொல்லி முடிந்துவிடும், டீமன் த்ரெட் பாதிச் செய்தியோடு போய்விடும். த்ரெட் டீமனாக இல்லாமல் இருந்தால் வேறு தொல்லை, அது முடியும்வரை பைதான் வெளியேறாது. ரீலோட் ஆகிறது என்ற வரி திரையில் வந்து அப்படியே உறைந்து நிற்கும். உங்களுக்கு அப்படி நின்றிருந்தால் முதலில் தேட வேண்டியது டீமன் அல்லாத த்ரெட் ஒன்றை. நாங்கள் ஒற்றைக் குறியை இரண்டாக்கினோம்: "எடுத்தாச்சு" என்றும் "போயாச்சு" என்றும். எடுத்து ஐந்து நிமிடமாகியும் போகாதவர்களின் பெயர் அக்காவின் பக்கத்தில் சிவப்பில் வரும். அவர்களுக்கு மறுபடி தானாக அனுப்புவதில்லை. அக்கா ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வார், அது அவர் விருப்பம்.

மடிக்கணினியில் இப்போது கேட்வே டோக்கனே இல்லை. அங்கே செய்திகள் திரையில் மட்டும் அச்சாகும். ரன்சர்வரிலிருந்து ஒரு மனிதரின் போனுக்கு எதுவும் போகாது.

இரதம் புறப்பட்ட நாளுக்கு முந்தைய இரவு 7.30-க்கு நாங்கள் இருவரும் பந்தலில்தான் இருந்தோம், மேசை தூக்கிப் போட்டுக்கொண்டு. வாடகை சர்வரின் பதிவை என் போனில் திறந்து வைத்திருந்தேன். பட்டியலில் 62 பேர், 62 வரி, எல்லா வரியிலும் ஒரே ப்ராசஸ் எண். சிவப்பில் ஒரு பெயர் வந்தது. அக்கா அந்த எண்ணைக் கூப்பிட்டார். போன் மாற்றிவிட்டாராம், பழைய எண். "நாளைக்கு 4 மணி, மறந்துடாத லா" என்று சொல்லி வைத்துவிட்டு, எங்களைக் கேஸ் அடுப்பு தூக்க வரச் சொன்னார்.